போக மாட்டேன் என்றவள்

"புருசன் வா வான்னு கூப்படறான்... போகமாட்டேன்னு சொல்ற பொண்டாட்டிய எந்த ஊர்லயாச்சும் கண்டிருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க!"

வேலாத்தாள் கேட்டது மருமகளை அல்ல, வீதியை. ஞாயிற்றுக்கிழமைக் காலை, குழாயடி நிறையக் குடங்கள். பதில் சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

மயிலாள் அரிசி களைந்த கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அத்தை... உள்ள வாங்க. அக்கம்பக்கம் கேக்குதுங்க."

"கேக்கட்டும்! எம்பையன் அந்தப் பனியில ஒத்தையில கெடக்கறான். நீங்க இங்க சொகமா பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போயிட்டு வாங்கம்மிணி!"

எங்கள் பக்கத்தில் மாமியாரின் கோபம் உச்சிக்கு ஏறினால்தான் மருமகளுக்கு 'ங்க' கிடைக்கும். ஒரு வருடமாக மயிலாளுக்கு அது தாராளமாகவே கிடைத்துவந்தது.

வேலாத்தாளுக்கு ஒரே மகன் திருமூர்த்தி. முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்று ரஷ்யாவுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், மாஸ்கோ குடோனைப் பார்த்துக்கொள்ள அவனை அனுப்பினார்கள். அப்போது கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அங்கே வீடு பார்த்துவிட்டுக் கூட்டிக்கொள்கிறேன் என்று மயிலாளிடம் சொல்லிவிட்டுப் போனான். வேலாத்தாள் அவனை மேனேஜர் ஆக்கி, மடத்துக்குளம்வரை சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

போன் வருவது பொங்கியண்ணனின் மளிகைக்கடைக்குத்தான். மாதத்தின் முதல் ஞாயிறு பதினோரு மணிக்கு எங்கள் வீதியில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் உப்புத் தீர்ந்துபோகும்.

"ஏனுங் மாமா, அங்க சேலை கட்டிக்கிட்டு வெளிய போக முடியுமுங்களா? ...சேலைக்கு மேல கோட்டா! ...பனியில துணி எப்படிங்க காயும்? ...பக்கத்து ஊட்டுக்காரங்க பேசறது ஒண்ணும் புரியாதே, ஊமையாட்டம் எப்படீங்க இருக்கறது?" என்று மயிலாள் கேட்பாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொல்வானோ, வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

"அங்க கோடையில ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்குமாமே மயிலா," என்பார் பொங்கியண்ணன். "உங்க மாமியாளையும் கூட்டிட்டுப் போ. வடகம் போடச் சௌகரியம்."

பாஸ்போர்ட் வந்தது. ஊட்டியிலிருந்து தடித்த ஸ்வெட்டர் வந்தது. சின்னப் பையில் கொள்ளுப்பருப்புகூட மயிலாள் கட்டி வைத்தாள்.

பிறகு, தொண்ணூற்றொன்றின் கடைசியில், அந்த நாடே துண்டு துண்டானது. அதற்கடுத்து வந்த ஒரு ஞாயிறு, மயிலாள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். கடைசியில், "நான் வரலீங்க மாமா... வரமாட்டேன்," என்றாள். போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் நடந்தாள்.

எங்களுக்கு அது போதாதா? குளிருக்குப் பயம் என்றது ஒரு வீடு. சம்பளத்தை விட மனசில்லை என்றது இன்னொரு வீடு. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் யாரோ ஒருத்தன் இருக்கிறான் என்றும் ஒரு வீடு சொன்னது. அது எந்த வீடு என்று இப்போது கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

அன்றிலிருந்து வேலாத்தாள் மருமகள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. தனியாகப் பொங்கித் தின்றாள். மயிலாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. 'எப்படிப் பேசுவாள், குற்றமுள்ளவள்!' என்று தீர்ப்பும் நாங்களே எழுதிவிட்டோம்.

குழாயடியில் சத்தம் போட்ட அதே ஞாயிறு, பதினோரு மணிக்கு வேலாத்தாள் கடைக்குக் கிளம்பினாள்.

"இன்னிக்கு நான் பேசறேன். இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்."

"வேண்டாங்க அத்தை... உங்க கால்ல உழுகறேன்... நானே பேசிக்கறேனுங்க!" என்று பின்னாலேயே ஓடினாள் மயிலாள்.

அதற்குள் போன் அடித்துவிட்டது. வேலாத்தாள் பிடுங்காத குறையாக எடுத்தாள்.

"சாமி, நான் அம்மா பேசறேன். சொல்றதக் கேளு. இவள அத்து உட்ரு. மடத்துக்குளத்துல ஒரு புள்ள பாத்து வெச்சிருக்கறேன். எந்த நாட்டுக்குக் கூப்பட்டாலும் வருமாம்... ஏஞ்சாமி... ஏன் அழுவற?"

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பொங்கியண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னது... கம்பெனியே கைய உட்ருச்சா? ...சந்தையிலயா? பனியில நின்னா பனியன் விக்கற? ...எத்தன பேரு ஒரே ரூம்புல? ...யாரு... மயிலாளா? நானும் வாரேன்னு அவளா அழுதா? நீதான் வேண்டாம்னியா?"

ரிசீவரைக் கல்லாமேல் வைத்தாள். வேலாத்தாள் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். வேலை போய்விட்டது, உன்னைக் கூப்பிட வழியில்லை, அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று அவன் அன்று போனில் அழுதிருக்கிறான். அப்படியானால் நான்தான் வரமாட்டேன் என்றதாக இருக்கட்டும் என்று அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு வருசம்... நாயவிடக் கேவலமாப் பேசினேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு!"

மயிலாள் மாமியாரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க திட்டத் திட்ட எனக்குத் தைரியமா இருந்துச்சுங்க அத்தை. அவரு அங்க நல்லா இருக்கறாருன்னு நீங்களாச்சும் நம்பறீங்களேன்னு..."

அதற்கப்புறம் இருவரும் அழுத அழுகையில், பொங்கியண்ணனே கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

"அவன வரச் சொல்லு கண்ணு. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம்."

"வரமாட்டாருங்க. தோத்துப்போயி இந்த வீதியில நடக்கமாட்டாரு."

அதைச் சொல்லும்போது அவள் எங்களைத்தான் பார்த்தாள். எல்லோரும் உப்புப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டோம்.

"நான் போறேனுங்க அத்தை. இத்தன நாளு அவரு வேண்டாம்னாரு, கேட்டேன். இனி அவரக் கேக்கமாட்டேன்."

"போ சாமி... ஒத்தையில நிக்கறவன் பக்கத்துல போயி நில்லு."

எருமையை விற்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தது வேலாத்தாள்தான். தொண்ணூற்று மூன்றின் கடைசியில் மயிலாள் போனாள். அவளை வழியனுப்ப வீதி முழுவதும் வந்தது. அவள் மாமியாரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு ஏறினாள்.

இரண்டு வருடம் கழித்து வேலாத்தாள் கண்ணை மூடினாள். தகவல் எட்டியும் மகனால் வர முடியவில்லை. பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். மடத்துக்குளத்துப் பெண் கணியூரில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். பொங்கியண்ணன் கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

திருமூர்த்தியும் மயிலாளும் குளிர் குறைவான தாஷ்கண்டுக்கு மாறிப் போனதாகவும், ஒரு பெண் குழந்தை இருப்பதாகவும் கேள்வி. குழந்தைக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. எங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு என்ன இருக்கிறது?