ஆறு பத்துக்கு நின்ற இதயம்

நோக்கியா அலறியது!

கோபிநாத் பதறிப்போய் எடுத்தான்.

"இன்ஸ்பெக்டர் கலியமூர்த்தி பேசறேன். உங்க மாமா ராஜாங்கம் விஷயமா... கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க."

மார்கழிக் குளிரிலும் வேர்த்தது.

வேர்க்காதா பின்னே? முந்தாநாள் மாமாவின் முகத்தில் தலையணையை வைத்து அமுக்கியவன் அவன்தானே! உங்களிடம் மறைப்பானேன்?

மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். பெண்டாட்டி இல்லை. ஒரே மகள் பிரான்சில். வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடுவதாக இருந்தார். அந்த வீட்டின் மேல்தான் கோபிநாத்துக்குப் பத்து வருஷமாகக் கண்!

மத்தியானம் சமைக்க வந்த சின்னப்பாப்பா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டினாள். மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அப்புறம் எதற்கு ஸ்டேஷன்?

போனான். இன்ஸ்பெக்டருக்கு எதிரில் லேப்டாப்புடன் ஒரு பெண்.

"இவங்க ஷாஹீன். உங்க மாமா நெஞ்சுல ஒயர ஒட்டி, இடுப்புல பெட்டி மாட்டி அனுப்பின டெக்னீஷியன். ரெண்டு நாள் இதயத்துடிப்பையும் அந்தப் பெட்டி பதிஞ்சு வெச்சிருக்கு."

சட்டைக்குள் இருந்த பெட்டி அன்றைக்குக் கோபிநாத்தின் கண்ணில் படவே இல்லை!

திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. அங்கங்கே ஷாஹீன் குறி போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தாள்.

"இங்க துடிப்பு எகிறுது சார். இங்க ஒயர் இழுபடுது... யார்கிட்டயோ போராடுறார். நெஞ்சு வலிச்சா அமுக்குங்கன்னு ஒரு பட்டன் குடுத்திருந்தோம். மூணு வாட்டி அமுக்கியிருக்கார். அப்புறம்..."

கோடு நேராகிவிட்டது.

"மணி?"

"பெட்டிப்படி காலைல ஆறு பத்து சார்."

ஆறு பத்தா? அவன் அமுக்கியது பத்து நாற்பதுக்கு! மெஷின் தப்பு என்று அந்த ஸ்டேஷனில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது, சொல்லுங்கள்!

"அன்னிக்கு ஆறு மணிக்கு நீங்க..."

"லாஸ்பேட்டைல சார்! ஷட்டில் ஆடிட்டிருந்தேன். எட்டு பேர் சாட்சி!"

"பத்தரைக்கு உங்க ஸ்கூட்டர் அவர் வீட்டு வாசல்ல நின்னுதாமே?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்தோஷம் விடவில்லை.

"ஆமா சார், பதினொன்னு வரைக்கும் அங்கதான் இருந்தேன். தூங்குறார்னு நெனச்சு எழுப்பல. கதவ உள்ளாற தாழ் போட்டுட்டுப் பேப்பர் படிச்சேன். ஈ காக்கா வரல!"

"அதயே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்களேன்."

அழகாகப் போட்டான்.

ஷாஹீன் நெற்றியைச் சுருக்கினாள். "ஒரே ஒரு குறிதான் சார் ஒதைக்குது. ராத்திரி ஒன்றரை மணிக்கு நாப்பது நிமிஷம் வேகமா நடந்திருக்கார்..."

"சான்சே இல்ல மேடம்! மாடில நடப்பார், ஆனா காலைல ஆறு மணிக்கு. மிலிட்டரி பழக்கம். ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆவாது!"

சொல்லிவிட்டுப் பெருமையாக வேறு சிரித்தான்!

ஷாஹீன் விரல் விட்டு எண்ணினாள்.

"நாலரை மணி நேரம் இடிக்குது... அல்லாவே, என் தப்புதான் சார்! ராத்திரி பாட்டரி மாத்துனா பெட்டி டைம் கேக்கும், உங்க வாட்ச்சப் பாத்து வைங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

கலியமூர்த்தி டிராயரைத் திறந்து மாமாவின் வாட்ச்சை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. வாட்ச்சில்... பன்னிரண்டு!

கோபிநாத் விருட்டென்று எழுந்தான்.

மகளுக்கு போன் போடத் தோதாக மாமா பிரான்ஸ் நேரத்தையே கையில் கட்டித் திரிந்தது முதலியார்பேட்டை முழுக்கத் தெரியும். அவனுக்குத் தெரியாதா என்ன! ஆறு பத்தோடு நாலரையைக் கூட்டினால், பத்து நாற்பது. தாழ் போட்ட வீடு. உள்ளே இரண்டே பேர்.

"சார்... அந்த ஸ்டேட்மெண்ட்ட... கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுத்துடறேனே..."

கலியமூர்த்தி காகிதத்தைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல, அக்யூஸ்டே கேஸ முடிச்சுக் குடுத்தது இதான் மொத தடவ. ஒக்காருடா... டீ சொல்றேன்!"