பன்னிரண்டாவது வீடு

இவர்களுக்கு ஒரு பெயர் போதும். அந்தப் பெயர் இல்லாமல் நாங்கள் எப்படி இருப்போம் என்று மட்டும் கேட்கவே மாட்டார்கள்.

வசுமதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே அமர்ந்திருந்த தொடர்பு அலுவலர் யுகேந்திரனுக்கு மோர் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை என்றால் கோவையின் எல்லாக் குடியிருப்புகளிலும் பெயர்கேட்பு. வீட்டுக்கு ஒரு பெயர். சென்ற வாரம் சந்தித்தவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும்.

பாதி வீடுகள் ஒரே பெயரைச் சொன்னால் அவர் ‘முடிச்சர்’. பலரைச் சந்திப்பவர் வழியாகத்தான் காய்ச்சல் வேகமாகப் பரவுகிறது. அவரை விலக்கினால் வழி அறுந்துபோகும். பரிசோதனைகூடத் தேவையில்லை. முடிச்சர் தொண்ணூறு நாள் தனிமையகத்தில் இருந்துவிட்டு வரலாம். மூன்றாவது முறை போனவர்கள் திரும்புவதில்லை.

ஸ்டெல்லா இரண்டு முறை போய்வந்துவிட்டாள். வீடு வீடாகப் போய் இன்சுலின் போடுபவள். வசுமதியின் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு நாள் தவறாமல் கட்டுப் போடுபவள். அவளுக்கு ஒருமுறைகூடக் காய்ச்சல் வந்ததில்லை.

அவள்மேல் யாருக்கும் பகை கிடையாது. முடிச்சராகிவிடுவோம் என்ற பயத்தில் மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். அதனால் பல வீடுகளுக்குச் சொல்வதற்கு வேறு பெயர் இல்லை. வசுமதியும் இரண்டு முறையும் ஸ்டெல்லாவின் பெயரைத்தான் சொன்னாள். சொன்ன கையோடு அவளிடமே காலை நீட்டியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

“இருபத்திநாலு வீட்ல பதினோரு வீடு ஸ்டெல்லாம்மா பேருதானுங்க. மத்தவங்க எல்லாம் சொல்லியாச்சு. உங்களோடது பன்னெண்டாவது, அதோட பாதி ஆயிரும்,” என்றான் அவன். “கட்டு புதுசா இருக்குது. யார் போட்டதுன்னு எனக்கும் தெரியும்.”

“போன தடவை அவளைக் கூட்டிட்டுப் போனீங்க. ஊசி போட்டுக்கறவங்க அத்தன பேரும் ஆஸ்பத்திரி வரிசையில போய் நின்னாங்க. ஒன்பது பேருக்கு அங்கதான் காய்ச்சல் ஒட்டுச்சு. அது உங்க கணக்குல வந்துச்சுங்களா?”

“அது ஆஸ்பத்திரி கணக்குங்க. நான் பாக்கறது இந்தக் கட்டடம் மட்டுந்தான்.”

“ஆமா. இங்க காய்ச்சல் கொறஞ்சுதுன்னு பாராட்டுக் கடிதம்கூட வந்துச்சு.”

அவன் சிரிக்கவில்லை. இதையெல்லாம் அவள் சுகாதாரத் துறைக்கு மூன்று முறை எழுதிப் போட்டாயிற்று. மூன்று முறையும் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது. யாரோ படித்திருந்தால் திட்டியாவது எழுதியிருப்பார்கள். கணக்கு தவறென்றால் சண்டை போடலாம். சரியான கணக்கைத் தப்பான எல்லைக்குள் போட்டுக்கொண்டு இருப்பவர்களிடம் எதைக் காட்டுவது?

பெயர் சொல்லாத வீட்டுக்கு விதி என்னவென்று யுகேந்திரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சொல்லாதவரே முடிச்சராகப் பதிவாவார். மாலையில் வண்டி வரும். தனிமையகத்தில் தினமும் கட்டு மாற்ற ஆள் இருக்காது என்பதையும் சேர்த்துக்கொண்டான். அவன் நல்லவன்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“பேர் சொல்லீட்டீங்கன்னா போதுமுங்க,” என்று பலகைக்கணினியை அவள் பக்கம் நகர்த்தினான்.

வசுமதி அதை அவன் பக்கமே திருப்பி வைத்தாள்.

“என் பேரையே போட்டுக்கோங்க,” என்றாள். “அவ பேரை நான் சொல்லல.”