பின்னால் ஒருவர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் கினுயோ மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, இந்தக் குளிருக்கு வீட்லயே செத்துப் போயிருக்கலாம்."

"குளிர்காலம் பூரா அங்கதான செத்துக் கிடந்தே. நட."

விவாகரத்து முடிந்ததிலிருந்து கினுயோ வாசலைத் தாண்டவில்லை. அதனால்தான் தோமோயே தன் கணவனின் தங்கையை மலைக்கு இழுத்து வந்திருந்தாள். "பத்திரமாக் கூட்டிட்டு வந்துரு. கூடப் பொறந்தவன்னு எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்" என்று காலையில் கணவன் யசுஹிகோ சொல்லி அனுப்பினான்.

மார்ச் மாதக் கடைசி. பனி இன்னும் இடுப்பளவு கிடந்தது. மேலே இறுகி, உள்ளே உளுத்துப்போன பனி. முன்னால் போனவர்கள் மிதித்த ஒற்றைத் தடம் மட்டும் மொட்டை மரங்களுக்கு நடுவே வாய்க்கால்போல ஏறியது. மூடுபனியில் மரங்கள் பாதிக்கு மேல் காணோம். எங்கோ ஒரு கிளையிலிருந்து பனி சரிந்து தொப்பென்று விழும். பிறகு சத்தமே இராது.

அந்தத் தடத்தில் எதிரே ஆள் வந்தால் ஒரு பக்கத்தார் ஒதுங்கி நிற்க வேண்டும். கடந்து போகிறவர்களில் முதல் ஆள், பின்னால் எத்தனை பேர் என்று சொல்வார். கடைசி ஆள், "நான்தான் கடைசி" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் ஒதுங்கியவர் மறுபடி தடத்தில் கால் வைப்பார். மலையேறுகிற எல்லோருக்கும் இது பழகிய மரியாதை.

மேலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்தார். இவர்களைக் கண்டதும் முழங்கால் பனியில் ஒதுங்கி நின்றார்.

"பின்னால ஒருத்தர்தாங்க" என்று தோமோயே கடந்தாள்.

"நான்தான் கடைசி. ரொம்ப நன்றிங்க" என்றாள் கினுயோ.

கிழவர் அசையவில்லை.

"அவரும் போயிரட்டும்மா."

"எவருங்க?"

"உன் முதுகை ஒட்டி நிக்கிறாரே."

கினுயோ திரும்பிப் பார்த்தாள். வெறும் தடம். தனக்காகப் பனியில் நிற்கிற பெரியவரைப் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஆமாங்க. பின்னால இன்னொருத்தர் இருக்கார்" என்றாள், சிரித்தபடி.

கிழவர் அந்த வெற்றிடத்துக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

"எனக்கு ஆள் கிடைச்சாச்சு அண்ணி! கண்ணுக்குத் தெரியாத புருஷன். முன்னவனுக்கு இவரு எவ்வளவோ தேவலாம்."

"சாப்பாட்டுச் செலவும் இல்ல" என்றாள் தோமோயே. கினுயோ சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

கொஞ்சதூரம் ஏறினார்கள். நனைந்த கம்பளியின் வாடை ஒன்று கூடவே வந்தது. இருவரும் போட்டிருந்தது கம்பளி அல்ல.

"அண்ணி, நில்லுங்க."

இரண்டு பேரின் காலடிகளும் நின்றன.

அதற்குப் பிறகு, இன்னொரு காலடி நின்றது.

தோமோயே கினுயோவைத் தாண்டி வந்து, கீழே இறங்கத் தொடங்கினாள். உளுத்த பனி காலை விழுங்கும் என்பதால், இறங்கும்போதும் அவளே முன்னால் போய்ப் பனியை மிதித்துச் சோதித்தாள்.

"இப்பவும் என் பின்னாலதான் அண்ணி" என்று கினுயோ கிசுகிசுத்தாள்.

"திரும்பாத. பேசிக்கிட்டே வா. உன் குரல் எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"என்னத்தப் பேச?"

"முள்ளங்கி ஊறுகாய் எப்படிப் போடுவே, சொல்லு."

"முள்ளங்கியை... வாடவிடணும். தவிட்டுல உப்புக் கலந்து... அண்ணி, அவரு கையுறை போடல. கை என் பையைப் பிடிச்சிருக்கு."

"தவிட்டுல உப்புக் கலந்து?"

"நான்தான அவரை நம்ம ஆளாச் சேர்த்தேன். நீங்க இல்லைன்னு சொல்லிருங்க அண்ணி. நம்ம ஆள் இல்லைன்னு யார்கிட்டயாவது சொல்லிருங்க."

கீழே ஒரு கணவன் மனைவி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒதுங்கி நின்று, வாங்க வாங்க என்று கையசைத்தார்கள்.

தோமோயே மலை அதிரக் கத்தினாள். "பின்னால ஒருத்தர்தான்! ஒரே ஒருத்தர்தான்!"

"அதுக்கு மேல கல்லு வெச்சு..." என்ற கினுயோவின் குரல் பாதியில் நின்றது.

தோமோயே அவர்களைக் கடந்தாள். பின்னால் வந்த காலடியும் அவர்களைக் கடந்தது.

"நான்தான் கடைசி."

ஆண் குரல். களைத்த, மிக மரியாதையான குரல்.

"பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்று சொல்லி, கணவனும் மனைவியும் மேலே ஏறிப் போனார்கள்.

"கினுயோ" என்றாள் தோமோயே.

"கினுயோ."

மறுநாள் மாலைவரை மீட்புப் படையினர் தேடினார்கள். தடத்தைவிட்டு விலகிய கால்சுவடு ஒன்றுகூட இல்லை. அந்தக் கணவனும் மனைவியும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: இறங்கி வந்தவர்கள் இரண்டே பேர். ஒரு அம்மா, அவருக்குப் பின்னால் ஒரு ஆள்.

தோமோயே வீடு திரும்பினாள். யசுஹிகோ கதவைத் திறந்தான். அவள் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தாமல் ஒதுங்கி நின்றான்.

"கினுயோ கிடைச்சாளா?"

அவள் தலையசைத்தாள், இல்லையென்று.

அவன் அவளுடைய தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"கூட வந்திருக்கிறவர் மீட்புப் படையா? கையெல்லாம் நீலம் பாஞ்சு கிடக்கு. உள்ள வரச் சொல்லு."