கமறியா கட்டிய மணிக்கூடு

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் பிற்பகல் றஸீன் தன் கற்பிட்டி வீட்டைத் திறந்தான். மனைவி கமறியா மவுத்தாகி, அடக்கம் முடிந்த அன்று பூட்டிய வீடு. அதன்பின் புத்தளத்தில் மூத்த சகோதரி சபூராவின் வீட்டில்தான் இருந்தான். வந்த வேலை சின்னது. அலுமாரியில் கிடக்கும் கைமணிக்கூட்டை எடுத்து ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். கொழும்பு ஏல முகவர் ஃபாஹிம் நாலு மணிக்கு அழைப்பான். 'ஓம்' என்றால் போதும், அந்தச் சாமான் இனிக் கண்ணில் படாது.

அந்த ரகத்தில் உலகத்திலேயே இருபத்தைந்துதான் செய்தார்கள், இவனுடையது பதினேழாவது. கருவாடு ஏற்றுமதி செய்யும் மனிதனுக்கு வேறு கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை, இந்த ஏலப் பைத்தியம் மட்டும்தான். ஜெனீவா ஏலத்தில் போனிலேயே விலை கேட்டு எடுத்தான். படத்தில் உருக்கு மாதிரித் தெரிந்தது. பெட்டியைப் பிரித்தால் வெள்ளைத் தங்கம்! வெள்ளையானாலும் தங்கம் தங்கம்தானே, ஆண்பிள்ளை கட்டுவது மார்க்கத்தில் ஹராம். கட்டாமல் வைத்தாலோ, கை அசைவில் ஓடும் அந்த இயந்திரம் மூன்றே நாளில் நின்றுவிடும்.

"தாங்க, நான் கட்டுறன். உங்கட புள்ள பசியில கிடக்குது" என்று சிரித்தாள் கமறியா. பிள்ளையில்லாத வீடு அது. அவளுடைய மெலிந்த கைக்காக, ஊசியைச் சுட்டுத் தோல் வாரில் இன்னொரு துளை போட்டபோது றஸீனுக்கு நெஞ்சே வலித்தது. நாலு வருடம் அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் கூட்டினாள், பெருக்கினாள், தேங்காய் திருவினாள்.

பிறகு அந்த நாள். கடையிலிருந்து இன்னொரு ஏலத்தில் போனில் விலை கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் அவள் மூன்று தரம் அழைத்தாள். மூன்று தரமும் துண்டித்தான். இழுப்பு வந்து மூச்சு முட்டித்தான் அழைத்திருக்கிறாள், பாவி மனுஷி.

அலுமாரியைத் திறந்தான். பெட்டியைத் திறந்தான்.

மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பது. போனிலும் மூன்று ஐம்பது.

"ராத்தா, இத யாரும் எடுத்துக் கட்டினாங்களா?"

"சாவி உன்ட கையிலதானே இரிந்திச்சி?" என்றாள் கூடவே வந்து வாசலில் நின்ற சபூரா. "மையத்தக் குளிப்பாட்டக்குள்ள நான் கழட்டித் தந்தன். நீதான் வெச்சிப் பூட்டின. கெதியா வா தம்பி, நான் ஓட்டோவுல இரிக்கன்."

அவள் போனதும் வாரை மூக்கருகே கொண்டுபோனான். வெங்காயமும் தேங்காய்ப்பாலும் மணத்தன. வார் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் குசினியில் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

திருவலையில் தேங்காய் திருவும் சத்தம். அவளுடைய அதே நிதானம்.

 என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மணிக்கூட்டின் ஓரத்தில் நேரம் திருப்பும் திருகைப் பிடித்து வெளியே இழுத்தான். விநாடி முள் நின்றது.

திருவலையும் நின்றது.

பிறகு, குசினிக்குள் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

"கமறியா!"

திருகை உள்ளே தள்ளினான். முள் ஓடத் தொடங்கியது. திணறல் மெல்ல அடங்கியது.

குசினிக்கு ஓடினான். யாருமில்லை. திருவலையில் நாற்பது நாள் தூசி. மணிக்கூட்டை அதன் பக்கத்தில் வைத்தான். வார் கொக்கி மாட்டாமல் திறந்தே கிடந்தது. கீழே குந்திவிட்டான்.

"என்ன மாப் பண்ணு, புள்ள. நான் போன எடுத்திரிக்கணும். ஒரு தரமாச்சும் எடுத்திரிக்கணும்."

போன் அடித்தது. ஃபாஹிம். துண்டித்தான். மறுபடி அடித்தது. துண்டித்தான். மூன்றாம் தரமும் துண்டித்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

வெளியே சபூரா கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

மணிக்கூட்டின் வார் கொக்கி மாட்டியிருந்தது, அவளுடைய கைக்காக அவன் ஊசியால் சுட்ட அந்தத் துளையில்.