விலகிக்கொள் என்றொரு வரி

மழை வலுத்துவிட்டது. டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒண்டியிருந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்திக்கு மட்டும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் மஞ்சள் குடையை விரிப்பாள், வெளியே எட்டிப் பார்ப்பாள், பன்னிரண்டாம் நம்பர் பஸ் வரவில்லை என்று தெரிந்ததும் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருவாள். ஒவ்வொரு முறையும் குடைத் தண்ணீர் பக்கத்தில் நின்றவனின் டீயில் சொட்டியது.

ஐந்தாவது தடவை அவன் கிளாஸைத் தூக்கிக் காட்டினான்.

“வாங்கினப்போ அரை கிளாஸ்தான் இருந்துச்சு. இப்ப தளும்புது.”

“சாரி... பஸ் வந்துடுச்சான்னு பார்த்தேன்.”

“அதை எதுக்கு இத்தனை தடவை பார்க்கறீங்க? அண்ணன் ரோட்டைப் பார்த்துதான் டீ ஆத்தறார். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. பஸ் வந்தா அவரே கூப்பிடுவார். நீங்களும் நிம்மதியா நிக்கலாம், என் டீயும் பிழைச்சுப்போகும்.”

“என் பஸ்ஸை நான் பார்த்துக்கறேன்.”

“பாருங்க... தாராளமா பாருங்க.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். மழை வெளிச்சத்தில் அந்தக் கண்கள்... சே, கண்ணாவது மண்ணாவது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தார்: “தம்பி, நாப்பத்தேழு.” அவன் கிளாஸை வைத்துவிட்டு இரண்டே எட்டில் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். போகிறவனை அவள் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நாற்பத்தேழுக்குப் பின்னாலேயே வந்த பன்னிரண்டும் போயே போய்விட்டது.

“என் பஸ்ஸும் வந்துச்சேண்ணே, சொல்லக் கூடாதா?”

“நீங்க சொல்லி வைக்கலையேம்மா,” என்றார் அவர்.

வீட்டில் அக்கா தலை துவட்டத் துண்டைக் கொடுத்தபடி கேட்டாள். “என்னடி சின்னவளே, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?”

“ஒரு அதிகப்பிரசங்கியைப் பார்த்தேன்.”

“ஆள் எப்படி இருப்பான்?”

“கண்ணு கொஞ்சம்...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை அந்த அதிகப்பிரசங்கி, அவள் வேலை பார்க்கும் நான்காவது மாடி அலுவலகத்தில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ஐந்து நாள் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவன். மதியத்துக்குள் அவனுக்கு வாத்தியார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கான டோக்கன் மென்பொருள். டாக்டர் அறை வாசலில் நம்பர் காட்டும் திரைகள் இருக்கின்றனவே, அவைதான். ஒவ்வொரு திரையும் நொடிக்கு ஒரு முறை சர்வரிடம் ‘நம்பர் மாறிடுச்சா, நம்பர் மாறிடுச்சா’ என்று கேட்டுக் கேட்டு, சர்வர் மூச்சுத் திணறிக் கிடந்தது.

“நேத்து எதிர் டீக்கடையில ஒருத்தங்களைப் பார்த்தேன்,” என்று அவன் தொடங்கினான். “பஸ் வந்துச்சா, பஸ் வந்துச்சான்னு நிமிஷத்துக்கு ரெண்டு தடவை எட்டிப் பார்த்தாங்க. நம்ம திரைங்களும் அதைத்தான் செய்யுது. கடைசியில அவங்க பஸ்ஸையே விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.”

வகுப்பே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருத்திக்கு மட்டும் காது மடல் வரை சூடேறியது.

“அப்சர்வர் பேட்டர்ன்னா வேற ஒண்ணுமில்ல. விஷயம் யார்கிட்ட மாறுதோ, அவர்கிட்ட ஒரு பட்டியல். தெரிஞ்சுக்க வேண்டியவங்க அதுல பேரைப் பதிஞ்சுட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கலாம். மாறினதும் அவர் வரிசையா ஒவ்வொருத்தரையும் கூப்பிடுவார். வேண்டாம்னா பேரை எடுத்துக்கலாம். டீக்கடை அண்ணன் எனக்குச் செஞ்சது அதுதான்.”

முதலில் பளிச்சென்று சிரித்தது முன்வரிசை. அவள் பெயரென்னவோ வேறு; சின்னவள் மனசுக்குள் வைத்த பட்டப்பெயர் இது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். எங்கே போனாலும் முதல் நாற்காலியில் இடப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். வாத்தியார் எதைச் சொன்னாலும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தலையைச் சாய்த்து ஒரு சந்தேகம் கேட்டாள். அவனும் பலகையை விட்டு இறங்கிவந்து, அவள் பக்கத்தில் குனிந்து, மெதுவாக மறுபடி சொன்னான்.

‘நாங்களெல்லாம் கேட்டா பலகையிலிருந்தே பதில். அவ கேட்டா மட்டும் இறங்கி வரணுமோ...’

தன் வயிறு ஏன் எரிகிறது என்று சின்னவளுக்கே புரியவில்லை. டீயில் தண்ணீர் விட்டதைத் தவிர அவனோடு அவளுக்கு என்ன உறவு? ஆனால் அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி லிஃப்டில் ஏறும்போது, கதவு மூடப்போகும் கடைசி நொடியில் அவனும் மூச்சிரைக்க உள்ளே வந்துவிடுவான். நாலு மாடிக்கு அவர்கள் இருவர்தான்.

“குடையை இன்னைக்கு மடக்கியே வெச்சிருக்கீங்களே, என் அதிர்ஷ்டம்.”

“உங்க கையில இன்னைக்கு டீ இல்லையே... என் துரதிர்ஷ்டம்.”

தற்செயல்தான் என்று நினைத்தாள். அந்தத் தற்செயலுக்காகவே பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸைத் தவறவிடாமல் பிடித்தாள்.

இரண்டாம் நாள் ஒரு பயிற்சி கொடுத்தான். கணினியில் ஓடும் ஓர் அறிவிப்புப் பலகை நிரல். அவன் அதில் எதையாவது எழுதினால் பதிந்திருக்கும் எல்லோர் கணினியிலும் செய்தி வர வேண்டும். அவரவர் தங்கள் பங்கை எழுதிப் பட்டியலில் சேர்ந்துகொள்ளலாம். முன்வரிசை இரண்டாவதாகப் பதிந்தாள். அதைக் கண்டதும் சின்னவள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுதி மூன்றாவதாகப் பதிந்தாள். நடுவில் வேறு யாரும் நுழைந்துவிடக் கூடாதாம்.

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க,” என்று அவன் பலகையில் கோடிட்டுச் சொன்னான். “பட்டியல்ல வரிசையா கூப்பிட்டுட்டு இருக்கும்போது...”

மிச்சம் அவள் காதில் ஏறவில்லை. முன்வரிசையின் மேஜையில் அவனுடைய பேனா கிடந்தது. அது எப்படி அங்கே போனது என்ற ஆராய்ச்சியில் அவள் மூழ்கிப்போயிருந்தாள்.

மூன்றாம் நாள் நிலைமை முற்றியது. மதியம் கேன்டீனில் வாத்தியாரும் முன்வரிசையும் ஒரே மேஜையில் இருந்தார்கள். சின்னவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போனாள். பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை போனாள். பஸ் வந்ததா, பஸ் வந்ததா என்று எட்டிப் பார்த்த அதே புத்திதான். ஒவ்வொரு முறையும் அவன் தலை முன்வரிசையின் தலையருகே இருந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

‘என்ன பெரிய சந்தேகம்... நாள் முழுக்கத் தீராத சந்தேகம்.’

எல்லோருடைய நிரலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, மூன்று வருட அனுபவம் உள்ளவள் என்று சின்னவளிடம்தான் கொடுக்கப்பட்டிருந்தது. அன்று சாயங்காலம் முன்வரிசையின் நிரலைத் திறந்தாள். செய்தி வந்ததும் மணியொலி எழுப்பு என்று இருந்தது. மணி வேறயா உனக்கு... அதன் கீழே சின்னவளின் விரல்கள் ஒரே ஒரு வரியைச் சேர்த்தன. செய்தி வந்ததும் பட்டியலிலிருந்து விலகிக்கொள்.

அடுத்த செய்தி ஒன்று போகும், அதோடு சரி. பிறகு வாத்தியார் எங்கே இருக்கிறார், எப்போது சந்தேகம் கேட்கலாம் என்ற எதுவும் அவளுக்குப் போகாது. பிழை என்று நினைத்துக்கொள்வாள். சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்னவென்று கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

நான்காம் நாள் பிற்பகல் அவள் தன் இடத்தில் வேலையாக இருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் காலி நாற்காலிகள். ஜன்னலுக்கு வந்தாள். வெளியே மழை. எதிரே டீக்கடையில் வகுப்பே கூடியிருந்தது. சாலையின் நடுவில் ஒரே குடைக்குக் கீழே இரண்டு பேர், வாத்தியாரும் முன்வரிசையும், அவன் குனிந்து அவள் காதருகே ஏதோ சொல்லியபடி...

தன்னை யாரும் கூப்பிடவில்லை. ஓடிப்போய் அறிவிப்புப் பலகையின் பதிவேட்டைத் திறந்தாள்.

‘நாளை எனக்கு வேறு ஊரில் வேலை வந்துவிட்டது. இன்றோடு வகுப்பு முடிகிறது. நாலு மணிக்கு எதிர் டீக்கடைக்கு எல்லோரும் வாருங்கள். விடைபெறுகிறேன்.’

முதல் ஆளுக்குப் போயிருந்தது. முன்வரிசைக்குப் போயிருந்தது. நான்காவது, ஐந்தாவது, கடைசி ஆள் வரை போயிருந்தது. மூன்றாவதாக இருந்தவளுக்கு மட்டும் இல்லை.

ஒரு நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. நிரல் இடம் இடமாக எண்ணிக்கொண்டு போகிறது. இரண்டாம் இடத்துக்குச் சொன்னதும் முன்வரிசை விலகினாள். மூன்றாவது இருந்தவள் நகர்ந்து இரண்டாம் இடத்துக்கு வந்தாள். நிரலோ அடுத்து மூன்றாம் இடத்தைக் கூப்பிடப் போய்விட்டது. கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வரிசையில் கை வைக்காதீர்கள் என்றுதான் அன்றைக்கு அவன் சொல்லியிருப்பான். அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குச் செய்தி போகக் கூடாது என்று நினைத்தாளோ, அவளுக்கு அவன் போகிற சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாலு மாடியையும் படியிலேயே இறங்கினாள்.

கடையில் எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பில்லை.

“வரமாட்டீங்கன்னு நினைச்சேன்.”

“எனக்குச் செய்தி வரல. என் தப்புதான். அவங்க நிரல்ல நான் ஒரு வரி...” முழுவதையும் சொன்னாள்.

அவன் பஸ் நிறுத்தத்தின் பக்கம் கையைக் காட்டினான். “இதை என்கிட்ட சொல்லி என்ன செய்ய? யாரோட நிரல்ல கை வெச்சீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க.”

முன்வரிசை நிறுத்தத்தின் ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். சின்னவள் அவளுக்கு இடப் பக்கம் போய், தலையைக் குனிந்துகொண்டு, மழைச் சத்தத்தோடு சத்தமாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முன்வரிசை பளிச்சென்று சிரித்தாள்.

பிறகு சொன்னாள். “சாரி அக்கா, எனக்கு அந்தப் பக்கக் காது கேக்காது. மழை வேற. இந்தப் பக்கம் வந்து கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?”

முதல் நாற்காலி, சாய்த்த தலை, குனிந்து குனிந்து மறுபடி சொன்னது... இதற்கா வெந்தோம்? கேட்காததை மறைக்கத்தான் எல்லாவற்றுக்கும் சிரித்தாளா?

வலப் பக்கம் வந்தாள். இந்த முறை உரக்கச் சொன்னாள்.

“உங்க நிரல்ல நான்தான் ஒரு வரி சேர்த்தேன். நீங்க பட்டியலை விட்டுப் போகணும்னு சேர்த்தேன். மன்னிச்சுக்கங்க.”

“என்னையா? நான் என்ன பண்ணேன் அக்கா?”

“நீங்க ஒண்ணும் பண்ணல. எனக்குப் பொறாமை.”

“எதுக்குப் பொறாமை?”

“அவர் உங்ககிட்ட மட்டும் இறங்கி வந்து பேசறார்னு. எனக்கு... எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு.”

நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கோபம் இருக்கு அக்கா. நாளைக்கு அந்த வரியை என் பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுங்க, சரியாயிடும். இப்ப பின்னாடி பாருங்க.”

பின்னால் அவன் நின்றான். கையில் டீ கிளாஸ். மழை அதில் சொட்டுவதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “தம்பி, மஞ்சக்குடை வந்தா சொல்லுன்னு மூணு நாளா காலையில என்னைக் கத்த வெச்சே. அவங்களே வந்து நிக்கறாங்க. இன்னும் என்ன பார்த்துட்டு இருக்கே?”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். லிஃப்டு, மூச்சிரைப்பு, அந்தக் கடைசி நொடி... எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“பஸ்ஸுக்குத்தான் சொல்லி வெச்சீங்கன்னு நினைச்சேன்.”

“பஸ்ஸுக்கும் சொல்லியிருந்தேன்.” அவன் கண்கள் மறுபடி சிரித்தன. “ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். அன்னைக்கே உங்க வீட்டுக்கு வந்து பேசட்டுமா?”

அக்காவின் முகம் நினைவுக்கு வர, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டினாள்.

“தம்பி, நாப்பத்தேழு,” என்றார் கடைக்காரர். அவன் அசையவில்லை. பின்னாலேயே பன்னிரண்டும் வந்து நின்று, போனது.

“அண்ணன்கிட்ட மஞ்சக்குடைக்குப் பதிஞ்ச உங்க பேரை எப்போ எடுப்பீங்க?” என்று குடையைச் சுழற்றியபடி கேட்டாள் அவள்.

“எடுக்கற வரியை நான் எழுதவே இல்லையே,” என்றான் அவன்.