அம்மா டாங்கி இல்லை

ஒரு வாரமாக மைதிலி வீட்டில் யாருமே அம்மாவிடம் திட்டு வாங்கவில்லை. கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால் மைதிலிக்குப் பயமாக இருந்தது.

அம்மா பார்வதத்துக்கு ரத்த அழுத்தம். டாக்டரம்மா தினமும் போடச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். அப்பா பார்த்தசாரதியோ ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ டாங்கிக்கு எஞ்சின் மாட்டுபவர். அவருக்கு எதைப் பார்த்தாலும் எஞ்சின்தான்.

"சூடானா ஆஃப் பண்ணி வெக்கணும். நீ கத்தாம இரு, சரியாப்பூடும். மாத்திரை எதுக்கு?" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு. "கத்திக் கத்தியே பிரஷர வரவச்சிக்கினா!" என்று பக்கத்து வீட்டு விஜி அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டாள். மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தது. அப்பா, அம்மா, மைதிலி மூவரும் போனார்கள். அம்மாவின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிப் பார்த்த டாக்டரம்மா திடுக்கிட்டார்.

"போன தடவையைவிட ஏறியிருக்கே! மாத்திரை போடலையா?"

"எத்தினி கோவத்த உள்ள அமுக்கி வச்சிகினு கீறாளோ!" என்றார் வரிசையில் நின்ற விஜி அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மைதிலிக்குச் சுர்ரென்று வந்தது.

"சிரிக்காதீங்க! வெள்ளானூர்ல எங்கம்மாவோட சொந்த அக்கா ஷர்மிளா பெரியம்மா கீறாங்க. கொசுவக்கூடத் திட்ட மாட்டாங்க. அவங்களுக்கும் பிரஷர்தான். அது எப்படி வந்துச்சாம்? எங்கம்மா ஒரு தப்பும் பண்ணல!"



"நல்லாக் கேட்டே!" என்றார் டாக்டரம்மா. "சுருட்டை முடி மாதிரி இதுவும் குடும்ப வழியா வரலாம். மரபணுவில இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசத்தால சில பெண்களுக்கு அழுத்தம் சுலபமா ஏறிடும். உப்பைக் குறைக்கணும், மாத்திரையும் போட்டே ஆகணும். வாயை மூடினா மட்டும் இறங்காது."

"இல்ல டாக்டர், எஞ்சின் சூடானா..." என்று இழுத்தார் அப்பா.

"அம்மா இன்னா டாங்கியாப்பா?" என்றாள் மைதிலி.

அம்மா நிமிர்ந்தாள். டாக்டரம்மாவிடம் மாத்திரையை வாங்கி, அத்தனை பேர் பார்க்க விழுங்கினாள்.

"ஆமா, எனக்கு பிரஷர் கீது. இன்னா இப்போ?" அம்மாவின் குரல் வாசல் தாண்டிக் கேட்டது. "விஜி, நீயும் வந்து ஒக்காரு. கைய நீட்டு!"

விஜி அத்தை வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.