நூற்றெண்பது எழுத்து குறைகிறது

ஒரு குடைக்கு ஒரு கைப்பிடிதான். அந்தப் புதன்கிழமை மதியம் அதை இரண்டு கைகள் பிடித்திருந்தன...

தைவானின் சியாயி நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் உணவுக்கூட வாசல். பிளம் பழம் பழுக்கும் ஜூன் மாதத்து அடைமழை காலையிலிருந்து விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் வாளியில் காலையில் முப்பது குடைகள் செருகியிருந்தன. முப்பதும் ஒரே மாதிரி, வெள்ளைக் கைப்பிடி வைத்த, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடைகள். ஆள் மாற்றி எடுத்துப்போனது போக, மிஞ்சிய ஒன்றுக்குத்தான் இந்தச் சண்டை.

"இது என்னோடது" என்றாள் பெய்ரோங்.

"மன்னிச்சுக்குங்க, என்னோடது."

"அப்படியா, அடையாளம் சொல்லுங்க பார்ப்போம்."

அவன் யோசித்தான். "விரிச்சுப் பிடிச்சு மேல பார்த்தா வானம் தெரியும்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தால் குடை போய்விடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்... மழையில் நனைந்த இமைகள். அதற்குக் கீழே, தூக்கம் போதாத, ஆனால் யாரையும் கோபிக்கத் தெரியாத இரண்டு கண்கள். ஐயோ, இப்படிப் பார்க்கிறானே, குடையைக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று ஒரு கணம் மனது இளகியது.

அதற்குள் உணவுக்கூடத்துச் சமையல்கார அம்மா வெளியே வந்து, இருவர் கையையும் விலக்கி, கைப்பிடியில் பேனாவால் எழுதியிருந்த தன் பெயரைக் காட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மிச்சம் இருந்தது இரண்டு அசடுகளும் மழையும்தான். கூரை விளிம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கே அவசரமாகப் போக வேண்டும் என்று பெய்ரோங் பேச்சுக்குக் கேட்டாள். மாணவர் நலப் பிரிவுக்கு என்றான் அவன். அங்கே ஷியே என்று ஒரு குமாஸ்தா இருக்கிறாளாம். ஒரு படிவம் கேட்டு ஏழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாளாம். நேரில் போய், ஆளை விட்டுவிடுங்கள் என்று காலில் விழப்போகிறானாம்.

"இங்கயே விழுங்க" என்றாள் பெய்ரோங். "எட்டாவது மெயில் அடிச்சு வச்சுட்டுத்தான் சாப்பிட வந்தேன்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே... ஃபாங் லியாங்வெய், மூன்றாம் எண் மாணவர் விடுதியின் காப்பாளன், அந்தக் கொட்டும் மழையிலும் வியர்த்து நின்றான்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் மாணவர் நலப் பிரிவில் சிறப்பாகப் பங்களித்த ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் விருது கொடுப்பார்கள். விண்ணப்பங்களைச் சேகரிப்பது பெய்ரோங்கின் வேலை. மாணவர்களோடு அவளுக்குத் தொல்லையே இல்லை. தாழ்வாரத்தில் சொட்டிய குழாயை மூடியதை 'நீர்வளப் பாதுகாப்பு' என்று எழுதிக் கொடுக்கிற பிள்ளைகள் அவர்கள். ஊழியர் விருதில்தான் சிக்கல். லியாங்வெய்யின் பெயரை அவன் விடுதி மாணவர்கள் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டு முன்மொழிந்திருந்தார்கள். ஆனால் 'அருஞ்செயல் படிவம்' என்று ஒன்று இருக்கிறது. செய்த சாதனைகளை ஆதாரத்தோடு எழுதி, கீழே கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் செதுக்கிய முத்திரையைக் குத்தித் தர வேண்டும். அதை அவன் எழுதவே மாட்டேன் என்கிறான்.

"காய்ச்சல்ல கிடந்த பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அதை அருஞ்செயல்னு நானே எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் அந்தப் பையன் மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறது?"

இந்த மனுஷனுக்கு எவ்வளவு திமிர் என்று பெய்ரோங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த ஒரு கணக்கு அவனுக்கும் தெரியும். விடுதிக் காப்பாளர்கள் நான்கு பேர், நான்கு பேருமே ஒப்பந்த வேலை. ஜூலையோடு ஓர் இடத்தை நீக்குகிறார்கள். விருது வாங்கியவர்களைத் தொடமாட்டார்கள். மற்ற மூவரும் முந்தைய வருடங்களில் வாங்கிவிட்டவர்கள். இவனுக்கு இந்த வருடம் கிடைக்காவிட்டால், பெங்ஹு தீவில் அண்ணன் நடத்தும் வாடகை ஸ்கூட்டர் கடைக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"நீங்க எழுத வேண்டாம். நான் எழுதறேன். முத்திரை மட்டும் குத்துவீங்களா?" என்று கேட்டாள்.

அவன் மழையைப் பார்த்துக்கொண்டே, தான் அதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்றால் குத்துவதாகச் சொன்னான்.

மறுநாளிலிருந்து நான்கு பிற்பகல்கள் பெய்ரோங் நோட்டுப் புத்தகமும் கையுமாக மூன்றாம் எண் விடுதியில் அலைந்தாள். கேட்டதையெல்லாம் எழுதி, சொன்ன மாணவனிடமே கையெழுத்து வாங்கினாள். நிலநடுக்கம் வந்த விடியற்காலையில் ஃபாங் சார் முந்நூறு பேரையும் முற்றத்தில் இறக்கி மூன்று முறை தலை எண்ணினாராம். காலில் செருப்பில்லாமல் நின்றது மூன்றாவது முறை எண்ணும்போதுதான் அவருக்கே தெரிந்ததாம். பொதுக் குளிர்பெட்டியில் யாரோ யாருடைய புட்டிங்கையோ தின்றுவிட்ட வழக்கை ஒன்றரை மணி நேரம் விசாரித்து, தின்றவன் மானம் போகாமல் பறிகொடுத்தவன் வயிறும் நிறையத் தீர்ப்புச் சொன்னாராம். வீட்டு நினைவில் அழுத முதலாமாண்டுப் பையனுக்கு நூடுல்ஸ் செய்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து தானும் கொஞ்சம் அழுதாராம்.

இவள் நோட்டைத் திறக்கும் போதெல்லாம் லியாங்வெய் ஏதோ வேலை இருப்பதாக நழுவிவிடுவான். ஆனால் மேசைமேல் ஒரு கோப்பைத் தேநீர் இருக்கும். முப்பது சதவீத இனிப்பு, ஐஸ் இல்லை. முதல் நாள் யாரிடமோ போனில் சொன்னது அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். மற்ற மூன்று நாளும் கேட்காமலேயே அது வந்து காத்திருந்தது.

'தேநீர்தானே பெய்ரோங், எல்லாருக்கும்தான் வாங்கித் தருவான்' என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனது கேட்கிற நிலையில் இல்லை.

செவ்வாய்க்கிழமை, கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குக் கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும். நாலு இருபதுக்கு எல்லாவற்றையும் தட்டி முடித்து அனுப்பு என்று அழுத்தினாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. குறைந்தது ஆயிரம் எழுத்து வேண்டும், நூற்றெண்பது எழுத்து குறைகிறது.

பக்கத்து மேசை லாய் அக்கா, இருபது வருட அனுபவசாலி, எட்டிப் பார்த்துவிட்டு இதற்கா இப்படி முழிக்கிறாய் என்று சிரித்தாள். முதல் அரைப் பக்கத்துக்கு மேல் எந்தக் குழுவும் படித்ததில்லையாம். போன வருடம் அவள் உணவுக்கூடத்து வாரப் பட்டியலை ஒட்டி அனுப்பியும் விருது வந்ததாம். மனதில் வருவதைத் தட்டு என்றாள்.

மனதில் வந்ததைத் தட்டினாள் பெய்ரோங். அதுதான் தப்பு... அவள் மனதில் அப்போது வேறு என்ன வரும்? எழுத்துகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆயிரம் ஆனதும் அச்செடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடினாள். லியாங்வெய் சொன்ன சொல் தவறாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முத்திரையைக் குத்தினான். கொஞ்சம் கோணலாக விழுந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு எல்லாம் ஏறியது, ஐந்துக்குப் பூட்டியது.

இனி வருவதை யார் எதிர்பார்த்தார்கள்? அந்த வருடம் குழுவுக்குப் புதுத் தலைவி. சட்டத் துறையின் கூங் பேராசிரியை. மருந்துச் சீட்டில் உள்ள பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல். நீள மேசைக்குப் பின்னால் கூங் பேராசிரியை, வணிகத் துறைப் பேராசிரியர் ஒருவர், மாணவர் பேரவைத் தலைவி. எதிரில் இருக்கையின் நுனியில் லியாங்வெய். ஓரத்தில் கணினியோடு, நடவடிக்கைக் குறிப்பு எடுக்கப் பெய்ரோங்.

நிலநடுக்கம், புட்டிங், நூடுல்ஸ்... ஒவ்வொன்றாகப் படித்து, மாணவர் கையெழுத்தைச் சரிபார்த்து, 'சரி' என்று குறித்துக்கொண்டே வந்தார் தலைவி. கடைசிப் பத்திக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பெய்ரோங் கணினிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"'மேற்படி நபர் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும்'" என்று நிதானமாக, ஒரு தீர்ப்பைப் போலப் படித்தார் கூங் பேராசிரியை. "'வலது கன்னத்தில் விழாது. காரணம் தெரியவில்லை, விசாரித்து வருகிறேன். மேற்படி நபர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்கும். மேற்படி நபர் ஜூலைக்குப் பிறகு இங்கே இல்லை என்றால், அடுத்த ஜூனில் மழை வராமல் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.'"

வணிகப் பேராசிரியர் தன் பிரதியில் அந்தப் பத்தியைத் தேடினார்.

"கன்னக் குழிக்கு ஆதாரம் இணைக்கலையே" என்றார் தலைவி.

மாணவர் பேரவைத் தலைவி அடக்க முடியாமல், சார் கொஞ்சம் சிரிங்களேன் என்று கேட்டேவிட்டாள். லியாங்வெய் சிரிக்கிற நிலையிலா இருந்தான்? காது நுனிவரை சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். ஆனால் உதட்டை எவ்வளவு அழுத்தியும் இடது கன்னம் காட்டிக்கொடுத்துவிட்டது. நேரில் காணப்பட்டது என்று தலைவி ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு பெய்ரோங் பக்கம் திரும்பினார். இந்தப் பத்தியை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் மேடம் என்று எழுந்து நின்றாள். விதி பதினொன்று தெரியுமா என்று கேட்டார். தெரியும். எழுதுகிறவருக்கும் விருதுக்கு உரியவருக்கும் நெருங்கிய உறவு இருந்தால் படிவம் செல்லாது.

"அப்போ உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு?"

இல்லை என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அவன் வேலை பிழைக்கும். பெய்ரோங் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை.

"அவருக்கு எதுவும் தெரியாது மேடம். படிக்காமத்தான் முத்திரை குத்தினார். என் பக்கம் மட்டும்தான்... இருக்கு."

ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது உறவா? வணிகப் பேராசிரியருக்குச் சந்தேகம். சட்டப்படி ஆகாது என்றார் தலைவி, இரண்டு பக்கமும் வேண்டும். "ஃபாங் சார், உங்க பக்கம் சொல்லுங்க. இல்லைன்னா படிவம் செல்லும்."

லியாங்வெய் எழுந்தான். ஐந்து வருடம் முந்நூறு பிள்ளைகளோடு வாழ்ந்த விடுதி ஒரு பக்கம். ஓரத்தில், விசைப்பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருத்தி இன்னொரு பக்கம். இல்லை என்று சொன்னால் அவள் அதையும் நடவடிக்கைக் குறிப்பில் தட்டியாக வேண்டும். தன் விரலால், தன் கண் முன்னால்...

"என் பக்கமும் இருக்கு மேடம்" என்றான். "படிவத்தை எடுத்துடுங்க. பரவாயில்லை."

பெய்ரோங்குக்கு முட்டிக்கொண்டு வந்தது. அட பைத்தியக்காரா, ஏன் சொன்னாய் என்று அழுவதா, சொல்லிவிட்டானே என்று சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

கூங் பேராசிரியை மட்டும் அசையவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார். முதல் எண்ணூற்று இருபது எழுத்தும் மாணவர்கள் சொன்னது, கீழே அவர்கள் கையெழுத்து இருக்கிறது, அதற்கு விதி பதினொன்று பொருந்தாது. இவள் சொந்தமாக எழுதியது நூற்றெண்பது, அது மட்டும்தான் செல்லாது. அதை அடித்துவிடச் சொன்னார்.

"அடிச்சா நூற்றெண்பது குறையுமே மேடம்" என்றாள் பெய்ரோங் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

குழு நேரில் கண்டதைச் சேர்க்கலாம், அதற்குப் பூட்டிய படிவத்தைத் திறக்கவும் விதி இருக்கிறது என்றார் தலைவி. உட்காரச் சொல்லி, அவரே வாசகம் சொன்னார். மேற்படி நபர், உண்மை சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தும், மூவர் முன்னிலையில் உண்மையைச் சொன்னார், தன்னைப் பற்றி அவர் வாய்திறந்து சொன்ன முதல் செய்தி அதுவே, சாட்சிகள் கீழே கையெழுத்திட்டவர்கள்... பெய்ரோங் கண்ணைத் துடைப்பதும் தட்டுவதுமாக இருந்தாள். தலைவி முடித்ததும் திரையைப் பார்த்தாள். இன்னும் சிவப்புதான்.

"ஒன்பது எழுத்து குறையுது மேடம்."

கூங் பேராசிரியை பேனாவை மூடினார். "என்னால இவ்வளவுதான் முடியும். ஃபாங் சார், உங்க பக்கம் இருக்குன்னீங்களே, அது என்னன்னு பதிவுக்குச் சொல்லலையே. சொல்லுங்க, தட்டுவாங்க."

லியாங்வெய் அவளைப் பார்த்தான். அவள் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. எல்லாரும் கேட்கும்படி, பதிவுக்குச் சொல்வது போல முழுப் பெயரோடு, ஆனால் அவளிடம் மட்டும் சொன்னான்.

"எனக்கும் ஷியே பெய்ரோங்கைப் பிடிக்கும்."

எங்கள் சீன எழுத்தில் எண்ணிப் பாருங்கள், சரியாக ஒன்பது. பெய்ரோங்கின் கை அவள் பெயரிலேயே இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை சரியாகத் தட்டினாள். திரையில் பச்சை வந்தது.